மூன்று வருடப் போனை இன்னும் மூன்று வருடம் ஓட்டுவது எப்படி?

போன் ஹேங் ஆகிறது, மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது, படம் எடுக்கப் போனால் இடமில்லை என்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் பலர் புதுப் போன் விலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் மூன்று, நான்கு வருடப் போனின் பிராசசர் தேய்ந்துபோவதில்லை. வாங்கிய நாளில் எந்த வேகத்தில் கணக்குப் போட்டதோ, இன்றும் அதே வேகம்தான். நிரம்பிப்போவது ஸ்டோரேஜ், தேய்ந்துபோவது பேட்டரி. முதலாவதை வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்யலாம். இரண்டாவதைப் புதுப் போன் விலையில் சிறு பங்கில் மாற்றலாம்.

இங்கே சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டு போனுக்கு. சாம்சங், ரெட்மி, விவோ, மோட்டோரோலா என்று ஒவ்வொன்றிலும் மெனு இருக்கும் இடம் கொஞ்சம் மாறும். சொன்ன இடத்தில் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தப் பெயரைத் தட்டுங்கள், நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

எதையும் அழிப்பதற்கு முன்

முதல் வேலை பேக்கப். செட்டிங்ஸில் 'கூகுள்', அதற்குள் 'பேக்கப்'. அது ஆன் ஆகியிருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள். தொடர்பு எண்கள் சிம்மிலோ போனிலோ மட்டும் இருந்தால் அவற்றை கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள். கான்டாக்ட்ஸ் செயலியில் 'இம்போர்ட்' கொடுத்து, சேமிக்கும் இடமாக ஜிமெயில் முகவரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். வாட்ஸ்அப்புக்குத் தனிப் பேக்கப் உண்டு: அதன் செட்டிங்ஸில் 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்', 'பேக்கப்' பொத்தான்.

இதில் பலரும் இடறும் ஓர் இடம் இருக்கிறது. கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. முன்பு வாட்ஸ்அப் பேக்கப் இந்தக் கணக்கில் வராது, இப்போது வருகிறது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களும் இதில் சேர்கின்றன. 15 ஜிபி நிரம்பிவிட்டால் பேக்கப் நிற்பதோடு, மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். எனவே வாட்ஸ்அப் பேக்கப்பில் 'வீடியோக்களையும் சேர்' என்ற தேர்வை அணைத்து வையுங்கள். குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோவை மேகத்தில் (கூகுளின் இணையச் சேமிப்பில்) ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஸ்டோரேஜ்: எங்கே போகிறது இடமெல்லாம்?

64 ஜிபி போனில் 60 ஜிபி நிரம்பிய நிலையில் அது தடுமாறுவது இயல்பு. போனின் ஸ்டோரேஜான ஃபிளாஷ் மெமரி, பழைய தகவலின் மேல் அப்படியே புதியதை எழுதாது. ஒரு தொகுதியைக் காலிசெய்துவிட்டுத்தான் எழுதும். காலி இடம் குறைந்தால், இருப்பதை இங்குமங்கும் நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் செயலியைத் தொட்டதும் வரும் அந்த இரண்டு விநாடித் தயக்கத்தில் இதற்கும் பங்குண்டு. மொத்த அளவில் 15 சதவீதமாவது காலியாக வைத்திருங்கள். 64 ஜிபி போனில் சுமார் 10 ஜிபி.

நம் ஊர்ப் போன்களில் இடத்தைத் தின்பதில் முதலிடம் பெரும்பாலும் வாட்ஸ்அப்புக்குத்தான். அதிலிருந்தே தொடங்குங்கள்.

1. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', பிறகு 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. மேலே '5 எம்பிக்கு மேற்பட்டவை' என்றும் 'பலமுறை ஃபார்வர்டு ஆனவை' என்றும் இரண்டு அடுக்கு தெரியும். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். முதலாவதை ஒருமுறை பார்த்துவிட்டு அழியுங்கள், குடும்ப வீடியோ கலந்திருக்கும்.

2. அதற்குக் கீழே சாட்கள் அளவு வாரியாக வரிசையில் நிற்கும். முதல் ஐந்தைத் திறந்து பாருங்கள். குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர் குழு போன்றவைதான் மேலே நிற்கும். ஒரே வீடியோ மூன்று குழுக்களில் வந்திருந்தால் மூன்றிலும் நீக்கினால்தான் இடம் காலியாகும். 'இன்னும் இடம் குறையவில்லையே' என்று திகைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

3. மீண்டும் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்கு வந்து, 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' பகுதியில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவையும் டாக்குமென்ட்டையும் அணைத்துவிடுங்கள். வேண்டியதைத் தொட்டால் இறங்கும். குரல் செய்திகள் எப்போதும் தானாகவே இறங்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

4. 'சாட்ஸ்' பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்தால், இனி வரும் வாட்ஸ்அப் படங்கள் கேலரியில் கலக்காது. இதனால் இடம் மிச்சமாகாது, கேலரி மட்டும் சுத்தமாகும். ஏற்கெனவே வந்தவை அங்கேயே இருக்கும்.

இன்னொரு மூலையும் உண்டு. பலர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. கேலரியிலிருந்து நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வீடியோவுக்கும் சுருக்கிய நகல் ஒன்றை வாட்ஸ்அப் தனியாக வைத்துக்கொள்கிறது. ஃபைல்ஸ் செயலியில் 'ஆண்ட்ராய்டு', 'மீடியா', வாட்ஸ்அப் பெயருள்ள ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் இன்னொன்று, மறுபடி 'மீடியா', 'வாட்ஸ்அப் வீடியோ', 'சென்ட்' என்று உள்ளே போனால் அவை எல்லாம் குவிந்து கிடக்கும். அழித்தால் அந்தச் சாட்டில் அந்த வீடியோ மறுபடி ஓடாது, அவ்வளவுதான். கேலரியில் உள்ள மூலப் பிரதிக்கு ஒன்றும் ஆகாது.

டெலிகிராம் பயன்படுத்துகிறவர்கள் அதன் செட்டிங்ஸில் 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்', 'ஸ்டோரேஜ் யூசேஜ்' போய் கேஷை, அதாவது தற்காலிகமாகச் சேமித்த கோப்புகளை, அழிக்கலாம். கோப்புகள் அவர்களுடைய சர்வரில் இருப்பதால் வேண்டும்போது மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து போட்டோக்கள். கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற தேர்வு, மேகத்தில் ஏறிவிட்ட படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். ஆனால் அதே செயலியில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத் தொட்டிக் குறியை அழுத்தினால் போன், மேகம் இரண்டிலிருந்தும் போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் மகளின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்தவர்கள் உண்டு. தவறாக அழித்தது தெரிந்த உடனே 'பின்' அல்லது 'ட்ராஷ்' என்ற இடத்தைப் பாருங்கள். மேகத்தில் ஏறிய படங்கள் 60 நாளும், ஏறாதவை 30 நாளும் அங்கே இருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: அந்தத் தொட்டியைக் காலிசெய்யும்வரை போனில் இடமும் காலியாகாது.

செயலிகளைப் பொறுத்தவரை, செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' என்று இரண்டு பொத்தான்கள். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், பயமில்லாமல் செய்யலாம். இரண்டாவது செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோகும். கணக்கு, அமைப்பு, இறக்கிவைத்த கோப்பு எல்லாம் போகும். வாட்ஸ்அப்பில் இந்த இரண்டாவது பொத்தானைத் தொடவே கூடாது.

ரேம் கிளீனர், பூஸ்டர், கூலர் என்ற பெயர்களில் வரும் செயலிகளை நீக்கிவிடுங்கள். அவை பின்னணியில் இருக்கும் செயலிகளை மூடுகின்றன. நீங்கள் திரும்பத் திறக்கும்போது போன் அவற்றை முதலிலிருந்து ஏற்ற வேண்டும், கூடுதல் நேரம், கூடுதல் பேட்டரி. சமீபச் செயலிகள் பட்டியலை மேலே தள்ளித் தள்ளிக் காலிசெய்யும் பழக்கத்துக்கும் இதே கதிதான். ஒரு செயலி உறைந்து நின்றால் மட்டும் அதைத் தள்ளுங்கள்.

வேகம்

இடம் காலியான பிறகு போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதி வித்தியாசம் அப்போதே தெரியும்.

திரைகள் விரிந்து சுருங்கும் அனிமேஷனைக் குறைத்தால் போன் சுறுசுறுப்பாகத் தோன்றும். இதற்கு டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற, செயலி உருவாக்குபவர்களுக்கான மறைவு மெனுவைத் திறக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அதைத் திறந்து வைத்தால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கின்றன. அதைவிட நல்ல வழி, செட்டிங்ஸில் 'ஆக்ஸஸிபிலிட்டி' போய் 'ரிமூவ் அனிமேஷன்ஸ்' என்பதை ஆன் செய்வது. பலன் அதேதான், வங்கிச் செயலியும் முரண்டு பிடிக்காது.

இத்தனைக்குப் பிறகும் போன் திணறினால், குற்றவாளி ஏதோ ஒரு செயலி. கண்டுபிடிக்க 'சேஃப் மோடு' இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் திரையில் 'பவர் ஆஃப்' என்பதையே விடாமல் அழுத்திப் பிடியுங்கள், சேஃப் மோடில் தொடங்கவா என்று பெரும்பாலான போன்கள் கேட்கும். அதில் போனோடு வந்த செயலிகள் மட்டும் ஓடும், நீங்கள் சேர்த்தவை உறங்கும். அங்கே போன் நன்றாக ஓடினால், கடைசியாகச் சேர்த்த செயலியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். சேஃப் மோடிலும் அதே திணறல் என்றால் கோளாறு ஆண்ட்ராய்டிலோ வன்பொருளிலோ இருக்கிறது.

பேட்டரி

லித்தியம் அயன் பேட்டரிக்கு மூன்று எதிரிகள்: வெப்பம், முழு நிரப்பு, முழுக் காலி. இவற்றில் வெப்பம்தான் மோசமானது. 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூழலில் வைத்திருந்தாலே அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைவிட மிக அதிகமாகச் சுடும். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும்போது, பைக் ஹேண்டிலில் மாட்டிய போன் வெயிலில் வழியும் காட்டி, திரையும் முழு வெளிச்சத்தில் எரிந்து, சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் அது தாங்காது. பைக் ஹோல்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கேமராவின் ஆட்டம் தடுக்கும் நுட்பமான பாகத்தை என்ஜின் அதிர்வு கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் தன் பயனர்களை எச்சரித்தது. அதே வகைக் கேமரா உள்ள எந்தப் போனுக்கும் இது பொருந்தும். காதில் இயர்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, போனைப் பையில் வைத்து வழியைக் கேட்டுக்கொண்டு போவதுகூடச் சாலையில் கவனத்தைக் குறைக்கும். ஓரமாக நிறுத்தி வழி பார்த்துக்கொள்வதே நல்லது.

சூடான போனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி படியும். உறையைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும்.

சார்ஜைப் பொறுத்தவரை 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருப்பது நல்ல பழக்கம். இதற்காக மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சாம்சங்கில் 'பேட்டரி புரொடெக்‌ஷன்' பகுதியில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் தேர்வு இருக்கிறது. மற்றவற்றில் 'அடாப்டிவ் சார்ஜிங்', 'ஆப்டிமைஸ்டு சார்ஜிங்' போன்ற பெயர்களில் கிடைக்கும். இவை நீங்கள் எழும் நேரத்தை அறிந்து, கடைசிப் பகுதியை விடியற்காலையில் நிரப்பும். இரவு முழுக்கச் செருகி வைத்தால் பேட்டரி வெடித்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை, 100 ஆனதும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். ஆனால் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது உண்மையிலேயே ஆபத்து, சூடு வெளியேற வழியில்லை.

டார்க் மோடு பற்றி நிறையச் சொல்வார்கள். உங்கள் திரை எல்சிடி வகை என்றால் அதனால் பேட்டரி மிச்சமாகாது, பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அமோலெட் திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள், அதனால் மிச்சம் உண்டு. எவ்வளவு என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021இல் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதமாக இருக்கையில் சராசரியாக 3 முதல் 9 சதவீதம் மட்டுமே மிச்சமானது. முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம்வரை. அதாவது வீட்டுக்குள் பெரிய பலனில்லை, வெயிலில் நின்று பார்க்கும்போது உண்டு.

அதிகம் பேசப்படாத செலவு ஒன்று இருக்கிறது: சிக்னல். கோபுரம் தூரமாக இருந்தால் போன் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது. இரவு ரயிலில் ஊருக்குப் போகும்போது, தூங்கும் நேரத்தில் ஏரோபிளேன் மோடு போட்டு வையுங்கள். காலையில் வித்தியாசம் தெரியும். உங்கள் தெருவில் 5ஜி வந்து வந்து போகிறது என்றால் 'பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்' பகுதியில் 4ஜியைத் தேர்ந்தெடுங்கள்.

போன் 25 சதவீதத்தில் கேமராவைத் திறந்ததும் அணைந்துவிடுகிறதா? அது பேட்டரி மாற்றவேண்டிய அறிகுறி. பழைய பேட்டரியில் உள்தடை கூடியிருக்கும். கேமரா திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இயன்றவரை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். பின்பக்க மூடி மேலெழும்பியிருந்தாலோ, திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தக் கூடவே கூடாது.

'சார்ஜர் பின் லூசாக இருக்கிறது' என்று கடைக்கு வரும் போன்களில் பல, உண்மையில் லூசாக இருப்பதில்லை. சட்டைப் பையின் பஞ்சு துவாரத்துக்குள் அடைந்து, கேபிள் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கிறது. போனை அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குச்சியால் சுவரோரமாக மெதுவாகச் சுரண்டுங்கள். பஞ்சு உருண்டையாக வெளியே வரும். சி டைப் துவாரத்தின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள், 24 இணைப்புகளும் அதில்தான் இருக்கின்றன. ஊக்கு, ஊசி, கம்மல் எதுவும் வேண்டாம். இதே போல, போன் நனைந்துவிட்டால் அரிசியில் புதைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அரிசித் தூள் துவாரத்தில் புகுந்து இன்னொரு சிக்கலாகும். துடைத்து, துவாரம் கீழே பார்க்கும்படி சாய்த்து, காற்றோட்டத்தில் வைத்து, ஈரம் போகும்வரை சார்ஜ் போடாமல் இருங்கள்.

தமிழில் வேகமாக எழுத

நாள்முழுக்க வாட்ஸ்அப்பில் எழுதுகிறோம், ஆனால் 'naalaikku' பாணியில் ஆங்கில எழுத்திலேயே தமிழை ஓட்டுகிறோம் என்பவர்கள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் 'லாங்குவேஜஸ்', 'ஆட் கீபோர்டு', 'தமிழ்' என்று போனால் இரண்டு வகை தெரியும். ஒன்று நேரடித் தமிழ் எழுத்துப் பலகை. மற்றது ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாற்றித் தருவது. பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது எளிது. நிறைய எழுதுபவர்கள் தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பழகுவது நல்லது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும், 'ங'வும் 'க'வும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ங்க'. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் தமிழ்99 கிடைக்கிறது.

நேரடிப் பலகையில் எழுதும்போது ஒரு பிழை அடிக்கடி நுழைகிறது. 'கௌரி' என்பதில் வரும் ஔகாரக் குறி தனி விசை. அதைத் தேடாமல் 'க', ஒற்றைக் கொம்பு, பிறகு 'ள' என்று போட்டு 'கெளரி' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், போனுக்கு அது 'கெ', 'ள', 'ரி'. பிறகு கான்டாக்ட்ஸில் 'கௌரி' என்று தேடினால் கிடைக்காது. குரலில் படிக்கும் செயலிகளும் 'கெளரி' என்றே படிக்கும். துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவதும் இதே வகைப் பிழை.

குரல் தட்டச்சுக்கு விசைப்பலகையின் மைக் குறியைத் தொடுங்கள். தமிழில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பேசுபவர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்று கைவிட வேண்டாம். வாய்க்கு மிக அருகில் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் முழு வாக்கியமாகப் பேசினால் பிழை குறையும். நிறுத்தக்குறிகளைக் கடைசியில் கையால் போடுங்கள்.

ஸ்பேஸ் பாரின் மேல் விரலை இடவலமாக நகர்த்தினால் கர்சர் எழுத்தெழுத்தாக நகரும், நடுவில் உள்ள பிழையைக் குத்திக் குத்தித் தேட வேண்டாம். அழிக்கும் விசையிலிருந்து இடப்புறம் இழுத்தால் சொல் சொல்லாக அழியும். ஜிபோர்டின் 'டிக்‌ஷனரி', 'பெர்சனல் டிக்‌ஷனரி'யில் முழு வீட்டு முகவரியையும் சேர்த்து, அதற்குச் சுருக்கமாக 'முகவ' என்று கொடுத்துவையுங்கள். கூரியர்காரருக்கு முகவரி அனுப்ப மூன்று எழுத்து போதும்.

கைக்குள் இருந்தும் எடுக்காதவை

பவர் பட்டனை இருமுறை தட்டினால் பெரும்பாலான போன்களில் கேமரா திறக்கும். படம் மங்கலாக வருகிறது என்றால் முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய்தான் பாதிக் காரணம். ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் கீழே 'கேப்சர் மோர்' வந்தால் நீண்ட பக்கத்தையும் ஒரே படமாக எடுக்கலாம். 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி'யை ஆன் செய்து வைத்தால், தவறிப்போய்த் தள்ளிவிட்ட அறிவிப்பை ஒரு நாள்வரை திரும்பப் பார்க்கலாம். குழந்தையிடம் போனைக் கொடுக்கும் முன் 'ஆப் பின்னிங்' போட்டு, விடுவிக்கப் பூட்டு எண் கேட்கும் தேர்வையும் ஆன் செய்தால், அந்த எண் தெரியாமல் அந்த ஒரு செயலியைவிட்டு வெளியேற முடியாது.

வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ ஏறுவதற்கு முன் கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' போய் அந்தப் பகுதியை வைஃபையில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் சிக்னல் போனாலும் வழி போகாது.

வயதானவர்களின் போனில் மூன்றைச் செய்து கொடுங்கள். 'டிஸ்ப்ளே' பகுதியில் எழுத்தின் அளவோடு 'டிஸ்ப்ளே சைஸ்' என்பதையும் ஒரு படி கூட்டுங்கள், பொத்தான்களும் பெரிதாகும். காது மந்தமானவர்களுக்கு 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி, எதிரே பேசும் தமிழை அப்படியே திரையில் எழுதிக் காட்டும். 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் ரத்த வகை, சாப்பிடும் மருந்து, அவசரத் தொடர்பு எண் மூன்றையும் நிரப்புங்கள். போன் பூட்டியிருந்தாலும் 'எமர்ஜென்சி' என்பதைத் தொட்டால் மற்றவர்களால் பார்க்க முடியும். ஆண்ட்ராய்டு 12 முதல், பவர் பட்டனை ஐந்து முறை தட்டினால் அவசர அழைப்பு போகும்படியும் அமைக்கலாம். இந்தியாவில் அது 112.

தொலைந்தால், ஏமாந்தால்

இப்போதே *#06# என்று டயல் செய்யுங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்), இரண்டு சிம் போன் என்றால் இரண்டையும், ஒரு காகிதத்தில் எழுதி பில்லோடு வையுங்கள். போனிலேயே சேமித்து வைத்தால் தொலைந்த அன்று பயனில்லை. போன் காணாமல் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கி, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்களைக் கொடுத்தால் நாட்டின் எல்லா நெட்வொர்க்கிலும் அந்தப் போனை முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் உடனே தெரிவியுங்கள்.

திரைப் பூட்டைவிட முக்கியமான பூட்டு ஒன்று இருக்கிறது: சிம் லாக். திருடியவர் உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். 'செக்யூரிட்டி' பகுதியில் 'சிம் லாக்' தேடி பின் எண் வையுங்கள். தொடக்க பின் எண்ணை நெட்வொர்க் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம்மைத் திறக்கும் 8 இலக்க பக் எண் கேட்கும், அதுவும் பத்து முறை தவறினால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். கூடவே, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். பூட்டிய போனிலும் ஓடிபி தெரிந்தால் பூட்டு எதற்கு?

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி என்ற பெயரில் ஒரு கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம், அவர் போன் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபிகளை அதுவே படித்து அனுப்பிவிடும். முன்கூட்டியே தடுக்க, செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் உட்பட எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள்.

நிறுவிவிட்டீர்கள் என்றால், வரிசை முக்கியம். முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. அதன் பிறகுதான் போன். சேஃப் மோடில் தொடங்கி, 'டிவைஸ் அட்மின்', 'ஆக்ஸஸிபிலிட்டி' இரண்டிலும் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். நீக்கிய பிறகும், எல்லாவற்றையும் அழித்துப் போனை வாங்கிய நிலைக்குக் கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே பாதுகாப்பு.

கூரியர் ஊழியர் என்று பேசி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளை அவர் எண்ணுக்குத் திருப்பிவிடும் வேலை அது. சந்தேகம் இருந்தால் போன் செயலியின் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' போய், 'ஆல்வேஸ் ஃபார்வர்டு' என்பதில் தெரியாத எண் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால், அது உங்கள் பணத்தை எடுக்கத்தான்.

ரீசெட்டும், ஓய்வும்

எல்லாம் செய்தும் சரியாகாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். அதற்கு முன் கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று இன்னொரு கருவியில் உள்நுழைந்து சோதியுங்கள். மறந்துவிட்டு, ரெகவரி மெனு வழியாக ரீசெட் செய்தால் போன் பழைய கணக்கைக் கேட்டு அடம்பிடிக்கும், அது திருட்டுக்கு எதிரான பூட்டு. விற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் செட்டிங்ஸில் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு ரீசெட். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சாம்சங்கில் 'மெயின்டனன்ஸ் மோடு' போட்டுக் கொடுத்தால் உங்கள் படமும் செய்தியும் அவர்கள் கண்ணில் படாது.

கடைசியாக 'அபௌட் போன்', 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' பகுதியில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்குள் என்றால் கவலையில்லை. அதைவிடப் பழையதாக இருந்து, நிறுவனமும் அப்டேட் தருவதை நிறுத்தியிருந்தால், போன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வங்கிச் செயலியையும் யுபிஐயையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டு வைஃபையில் பாட்டு கேட்க, பிள்ளைகள் பாடம் பார்க்க, அலாரத்துக்கு, சமையலறையில் குறிப்பு பார்க்க அது இன்னும் பல நாள் உழைக்கும்.